பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம்

"ஹலோ... ஹலோ, அண்ணா... கேக்குதா?... ஆமா, ஆமா, கடைக்குள்ளதான் நிக்கிறேன். ஆபீஸ்ல ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுட்டு ஓடி வந்திருக்கேன். ரெண்டு டேப் எடுத்து முன்னாடி வெச்சிருக்காரு. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. நீதான் சொல்லணும்... என்னது? லாரி இன்னும் வரலையா? அப்புறம் உனக்கென்ன, மேல கேபின்ல உக்காந்து காத்து வாங்குற..."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு டேப்லெட்டை ஏந்தி, எது கனம் எது லேசு என்று அவள் எடை பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் இருந்தவன் கூடப் பிறந்த அண்ணன். இரும்புக் கிடங்கில் நான்காம் நம்பர் கிரேன் ஓட்டுகிறவன். தரையிலிருந்து நாற்பதடி மேலே, கூரைக்கு அடியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே ஆட்கள் சங்கிலி மாட்டிக் கொடுக்கும் தகட்டுச் சுருளைத் தூக்கி லாரியில் வைப்பது அவன் பிழைப்பு.

இவள் பிழைப்பு படம். கிரேன், லிஃப்ட், பாலம் என்று ஊர் ஊராகப் போய்ப் பரிசோதிக்கும் ஒரு கம்பெனியில், போட்டோக்காரர் எடுத்துவரும் யானை யானையாகப் பெரிய படங்களைத் திறந்து, தூசியையும் புள்ளியையும் துடைத்து, வெளிச்சத்தைச் சரிசெய்து, கையெழுத்துப் போடும் எஞ்சினியருக்கு அனுப்பவேண்டும். எஞ்சினியர் நேரில் ஏறிப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்த்துத்தான் 'சரி' என்று எழுதுவார். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம், திரும்பி வர ஒன்றே முக்கால். பாதி வேலை அந்த ரயிலில்தான் நடந்தது.

"... ஆமாண்ணா, படம் கழுவுறவதான். நீ எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு உறைக்காது. நான் கழுவலைன்னா உங்க கிரேன் எல்லாம் அழுக்கு மூஞ்சியோடதான் ரிப்போர்ட்ல நிக்கும்... சரி, இதைக் கேளு. பெருசுல ரேம் பதினாறு. சின்னதுல ஆறு. பெருசு வெயிட்டு. அதான் யோசனையா இருக்கு... அட, நீ இரும்பைத் தூக்குறவன், உனக்கு எல்லாமே லேசு. காலையில அந்த ட்ரெயின்ல வந்து பாரு. ஒரு கையில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையில டேப், முதுகுல ஒருத்தன் பை, கால் மேல ஒருத்தி கால். உக்கார இடம் கிடைச்சா அன்னைக்கு எனக்குப் பொறந்த நாள்... ஆமா... ஆமா, அதுவும் சரிதான். பழசு தீப்பெட்டிதான், இல்லைன்னு சொல்லல."

பழையது உண்மையிலேயே தீப்பெட்டிதான். பெரிய படத்தை அது முழுதாகத் திறக்காது. சின்ன நகலைத்தான் கண்ணுக்குக் காட்டும். இரண்டாவது படத்தையும் சேர்த்துத் திறந்தால் திரை கறுத்து, செய்த வேலை அத்தனையும் தண்ணீரில் போய்விடும். அதனால் அவள் ஒரு நேரத்தில் ஒரு படம் என்று பழகிக்கொண்டாள். ஒன்றைத் திற, துடை, மூடு. அடுத்ததைத் திற. ஒன்றரை வருஷமாக அப்படித்தான்.

"... எதுல சோதிச்சுப் பாக்குறேன்னா கேக்குற? அதெல்லாம் விவரமா வந்திருக்கேன். கார்டுல போன மாசத்துப் படம் மொத்தமும் இருக்கு, கழுவாத ஒரிஜினல். யாரோடதுன்னு சொல்லு பாப்போம்... உங்க கிடங்குதான்! உன் நாலாம் நம்பர் கொக்கிதான்! என் பழசை மூணு தடவை சாகடிச்ச ஃபைலு அது. அதைத் திறந்தா எதையும் திறந்த மாதிரி... சிரிக்காத. ஏய், சிரிக்காதன்னு சொல்றேன்ல... போ, இன்னும் அந்த முடிக் கதையை விட மாட்டியா நீ?"

அவளும் சிரித்துவிட்டாள். முடிக் கதை கம்பெனி முழுக்கத் தெரிந்த கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேமராக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு தலைமுடியை அவள் துடைக்காமல் விட்டுவிட்டாள். படத்தில் அது விரிசல் மாதிரி விழுந்தது. எஞ்சினியர் பயந்துபோய் ஒரு தொழிற்சாலையின் கிரேனை ஒன்றரை நாள் நிறுத்தி வைத்தார். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் இரும்பு பளிங்கு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஆபீஸில் அவள் பெயர் 'முடியம்மா'. முதலாளி கூட்டம் போட்டுச் சொன்னார்: இனி ஒரு படத்திலும் முடி இருக்கக் கூடாது. அதன்பிறகு ஒரு முடியும் அவள் விரலுக்குத் தப்பியதில்லை.

"... வந்துடுச்சா லாரி? சரி, வேலையைப் பாரு... இல்ல, நீ வைக்காத, அப்படியே காதுல மாட்டிக்கோ, நான் லைன்லயே இருக்கேன். எதுன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்றேன்... பதினாலு டன்னா? எப்பவும் எட்டுதானே தூக்குவ?... ஓ, ரெண்டு சுருளைச் சேத்துக் கட்டிட்டாங்களா? டிரைவர் எங்க?... வந்து நிறுத்தின உடனே தூங்கிட்டானா! பாவம், எங்கேருந்து ஓட்டிட்டு வந்தானோ... சரி சரி. தூக்கு. நீ பாட்டுக்குத் தூக்கு."

போனில் கிரேன் மணி இரண்டு தடவை அடித்தது. பிறகு மோட்டாரின் உறுமல். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம். அப்பாவும் கிடங்கு ஆள்தான், ஒரு சுருள் அறுந்து விழுந்து கால் போகும்வரை. சாப்பாடு கொண்டுபோகும்போது இந்த உறுமலைக் கேட்டால் ஓரமாக நிற்கவேண்டும் என்பது கால்களுக்கே தெரியும்.

எதிரே மேஜைக்குப் பின்னால் நின்ற கடைக்காரர், நரைத்த மீசையும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக, அவளிடமிருந்து பெரியதை வாங்கிக் கார்டைச் செருகினார். படம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. வாய்விட்டே "அம்மாடி" என்றாள்.

"... உன்கிட்ட இல்லண்ணா. இங்க. தண்ணி மாதிரி திறக்குது. கொக்கியில இருக்கிற கிரீஸ்ல பதிஞ்ச கைரேகை தெரியுது, யாரோட விரலோ... ம்... ம்... இரு, அவரு என்னமோ காட்டுறாரு. ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல திறக்கலாமாம். திரையை ரெண்டா பிரிக்குமாம்... எனக்கெதுக்கு அதெல்லாம்? சரி, காட்டட்டும், காசா பணமா."

இடது பக்கம் ஒரு படம். வலது பக்கம் அதே கொக்கியின் இன்னொரு படம், போட்டோக்காரர் இரண்டடி தள்ளி நின்று எடுத்தது. கடைக்காரர் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டு தள்ளி நின்றார்.

இடது பக்கப் படத்தில், கொக்கியின் கழுத்தும் வளைவும் சேரும் இடத்தில், ஒரு முடி இருந்தது. அவளுக்கு அது ஞாபகம் இருந்தது. ரயில் பாலத்தின்மேல் ஆடிக்கொண்டே போன நேரம், உட்கார இடமில்லை, டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டைவிரலால் ஒரே தேய்ப்பு. பக்கத்து நிறத்தை எடுத்து மூடிவிடும் அந்தத் தூரிகை. முடி போயிற்று. அடுத்த ஸ்டேஷனுக்குள் படம் எஞ்சினியருக்குப் போயிற்று. வலது பக்கப் படத்தையும் அப்படித்தான், திறந்து, துடைத்து, மூடி.

கேமராவில் ஒட்டிய முடி இடம் மாறாது. போட்டோக்காரர் எங்கே நகர்ந்தாலும் எல்லாப் படத்திலும் அதே மூலையில், அதே இடத்தில் நிற்கும். வலது பக்கப் படத்தில் கொக்கி நகர்ந்திருந்தது.

முடியும் கூடவே நகர்ந்திருந்தது.

"அண்ணா."

குரல் வெளியே வந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணா... அண்ணா! லோடு எங்க இருக்கு?... இல்ல, சொல்லு, எங்க இருக்கு? தரையிலயா, மேலயா?... எவ்வளவு மேல?... நிறுத்து... அப்படியே நிறுத்து. ஏத்தாத, நகத்தாத. ஒண்ணும் செய்யாத... விளையாடலண்ணா... நான் விளையாடல!"

பக்கத்து மேஜையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் இரண்டு விரலால் படத்தை விரித்தாள். இன்னும் விரித்தாள். பழைய தீப்பெட்டி இந்த இடத்துக்கு வருவதற்குள் எல்லாவற்றையும் சாம்பல் கட்டங்களாக ஆக்கிவிடும். இதில் அந்தக் கோடு பெரிதாகிக்கொண்டே போனது. முடிக்கு இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இருக்கும். இதற்கு இல்லை. நடுவில் கறுப்பு, ஓரத்தில் செம்பழுப்பாகக் கசிந்த துரு. உள்ளேயிருந்து கசிந்த துரு. 

"... உன் கொக்கியில விரிசல் இருக்கு. கழுத்துல. வளைவு ஆரம்பிக்கிற எடத்துல... படத்துலதான். இப்பதான் பாக்குறேன், இதோ கண்ணு முன்னாடி... இல்ல, முடி இல்லண்ணா. முடி இல்ல. சத்தியமா இது முடி இல்ல... தெரியும், எனக்குத் தெரியும், அன்னைக்கும் இப்படித்தான்னு எனக்குத் தெரியும்! இது ரெண்டு படத்துல ரெண்டு எடத்துல இருக்கு, கொக்கியோடயே போகுது. முடி அப்படிப் போகாது... போகாதுண்ணா..."

மறுமுனையில் அண்ணன் பேசிக்கொண்டே போனான். அவள் தலையாட்டினாள், அவனுக்குத் தெரியாது என்பதையும் மறந்து.

"... ஆமா... ஆமா, சர்ட்டிபிகேட் இருக்கு. எஞ்சினியர் கையெழுத்து இருக்கு. எங்க கம்பெனி சீல் இருக்கு. எல்லாம் இருக்கு... அவரு பாத்த படத்துல விரிசல் இல்லண்ணா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் அழிச்சுட்டேன்... முடின்னு நெனச்சு நான்தான் அழிச்சேன். ட்ரெயின்ல, நின்னுகிட்டே. அவருக்குப் போனது சுத்தமான கொக்கி... ஹலோ?... அண்ணா?... இருக்கியா?"

 மோட்டார் உறுமல் நின்றிருந்தது. எங்கேயோ கீழே யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் மட்டும், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. இரும்புக் கிடங்கு இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. பதினான்கு டன் காற்றில் தொங்குகிறது. அதைத் தாங்குவது அவள் கட்டைவிரல் தேய்த்த இடம்.

"... ம்... ம்... சொல்லு. கேக்குறேன்... லாரிக்கு மேலயே இருக்கா?... பக்கத்துலயா? எவ்வளவு பக்கத்துல?... ரெண்டடி. சரி. ரெண்டடி... கீழ யாரு?... சங்கிலி மாட்டுற மூணு பேரும் அங்கேயேவா நிக்கிறாங்க? ஏன் நிக்கிறாங்க, போகச் சொல்லு! மணியடி! சைரனைப் போடு!... அந்தாளு என்ன கத்துனா உனக்கென்ன, சூப்பர்வைசர் கத்திட்டுப் போறான். வேலையை விட்டுத் தூக்கினா தூக்கட்டும். நான் சோறு போடுறேன் உனக்கு... அப்பா காலை நெனச்சுக்கோ. அன்னைக்கும் எல்லாச் சர்ட்டிபிகேட்டும் சரியாத்தான் இருந்துச்சு..."

சைரன் கிழித்துக்கொண்டு வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவேண்டியதாயிற்று. கடைக்காரருக்கும் கேட்டிருக்கும். அவர் ஒரு முக்காலியை இழுத்து அவளுக்குப் பின்னால் வைத்தார். அவள் உட்காரவில்லை.

"... போயிட்டாங்களா? மூணு பேருமா? எண்ணிப் பாத்தியா?... நல்லா எண்ணு... டிரைவர்? டிரைவர் எங்க?... இன்னுமா! இந்தச் சத்தத்துலயுமா தூங்குறான்? பொணம் மாதிரி தூங்குறானே பாவி... யாரும் கிட்ட போகக் கூடாது, சரி, ஆனா அவனை... கல்லை எடுத்து எறியச் சொல்லு. ஆமா, கண்ணாடி மேலதான்! உடைஞ்சா உடையட்டும்!... எறிஞ்சாங்களா?... எறியலையா? யோசிக்கிறாங்களா? என்னய்யா யோசனை!"

டேப்லெட்டின் மூலை மேஜையில் தட்டியது.  கடைக்காரர் அதைப் பூப்போல அவள் கைக்கு அடியில் பிடித்துக்கொண்டார். திரையில் அந்தக் கோடு அசையாமல் இருந்தது. அது போன மாதத்துக் கோடு. ஒரு மாதமாக அதன்மேல் தினமும் எட்டு டன், எட்டு டன் என்று தொங்கியிருக்கிறது. இப்போது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைத்தாள். நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

"... உடைஞ்சுடுச்சா?... எழுந்தானா? இறங்கிட்டானா?... திட்டுறானா! திட்டட்டும், நல்லாத் திட்டட்டும், ஓடிக்கிட்டே திட்டச் சொல்லு..."

சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று அவள் மூக்கு வழியாக வந்தது. உடனே நின்றும் போனது.

"அண்ணா, நீ?... நீ எப்படி இறங்குவ?... இல்ல, லோடை அப்படியே தொங்க விட்டுட்டு ஏணியில இறங்கிடேன். இறங்கிடு. யாரு கேக்கப் போறாங்க... ஏன்? ஏன் கூடாது?... பிரேக் வெச்சிருக்கும்ல... ம்... ஏணி அதுக்குக் கிட்டத்தான் வருதா... சங்கிலி தெறிச்சா... சரி. சரி. எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்... ஒரே மூச்சுல இறக்கு. நிறுத்தி நிறுத்தி இறக்காத, குலுங்கும்... ஆமா, நீதான் இருபது வருஷமா ஓட்டுற, நான்தான் படம் கழுவுறவ. திட்டு. திட்டிக்கிட்டே இறக்கு. வாயை மூடாத, எனக்கு உன் சத்தம் கேக்கணும்..."

ஆனால் அவன் வாயை மூடிக்கொண்டான். வேலை செய்யும்போது அவன் பேசமாட்டான். மோட்டார் முனகியது. உறுமல் இல்லை, முனகல். அவ்வளவு மெதுவாக அந்த மோட்டார் ஓடி அவள் கேட்டதில்லை. கடைச் சுவரில் வரிசையாக நின்ற திரைகளில் எல்லாம் ஒரே நீலக் கடல் அலையடித்துக்கொண்டிருந்தது. அவள் மனசுக்குள் எண்ணினாள். முப்பது வரை எண்ணி, எண்ணிக்கை தவறி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஒரு தடவை போனில் 'டங்' என்று ஒரு சத்தம்.

"என்னது அது!... அண்ணா! என்னது?... சொல்லு, சொல்லு, ஒரு வார்த்தை சொல்லு..."

முனகல் மட்டும் தொடர்ந்தது. அது தொடரும்வரை அவன் இருக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ரயிலில் கம்பியைப் பிடிப்பதுபோல.

பிறகு அதுவும் நின்றது. சங்கிலி தளர்ந்து கலகலவென்று விழும் ஓசை.

"... தரையா?... தரைதானே? தொட்டுடுச்சா?... மறுபடி சொல்லு... இன்னொரு தடவை சொல்லு..."

முக்காலியில் உட்கார்ந்தாள். 

"... நீ இறங்கு முதல்ல. போனை அப்புறம் பாத்துக்கலாம். கையைக் கெட்டியாப் பிடிச்சு இறங்கு. வழுக்கும்... அழலை. யாரு அழுதா. தூசி... ம்... ம்... இறங்கிட்டியா? கால் தரையில இருக்கா?... தண்ணி குடி... என்ன? ஏணி போட்டுட்டாங்களா? யாரு ஏறுறது? சூப்பர்வைசரா? நீ ஏறாத... டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லு. கழுத்துக்குக் கீழ, கிரீஸைத் துணியால துடைச்சுட்டுப் பாக்கச் சொல்லு..."

 பக்கத்து மேஜையில் ஒருவர் ஹெட்போனைக் காதில் வைத்துப் பாட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார், தாளத்துக்குத் தலையாட்டியபடி.

"... என்ன சொல்றாரு?... நகம் போகுதாமா. உள்ள."

அவள் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாள்.

"... குடு. அவர்கிட்டயே குடு... இல்லண்ணா, நீ பேசி மழுப்பாத. என்னைக் காப்பாத்துறேன்னு எதையாவது உளறி வைக்காத. போனை அவர் கையில குடு..."

போன் கைமாறும் உரசல் கேட்டது. அவள் எழுந்து நின்றாள், எதிரே ஆள் நிற்பதுபோல.

"வணக்கம் சார்... ஆமா சார், தங்கச்சிதான்... ஆமா, அந்தக் கம்பெனியிலதான்... இல்ல சார், போட்டோக்காரர் மேல தப்பு இல்ல, அவர் ஒழுங்கா எடுத்திருக்காரு. எஞ்சினியர் மேலயும் இல்ல. நான்தான் துடைச்சேன்... முடின்னு நெனச்சேன்... தெரிஞ்சு செய்யல சார். ஆனா செஞ்சது நான்தான்... அனுப்புறேன், ரெண்டு படத்தையும் இப்பவே அனுப்புறேன். எங்க முதலாளிக்கும் அனுப்புறேன். என் பேரைப் போட்டே... ஆமா... வேலை போகும், தெரியும் சார்."

அதைச் சொன்னபோது பயம் வரவில்லை. பயம் முழுவதும் அந்த நாற்பதடியில் செலவாகிவிட்டது என்று நினைத்தாள். அப்படி இல்லை என்று அடுத்த கேள்வியில் தெரிந்தது.

"... எத்தனையா?... எத்தனை முடியா சார்?"

ஒன்றரை வருஷம். போக ஒன்றே முக்கால், வர ஒன்றே முக்கால். ஒரு நேரத்தில் ஒரு படம். பாலத்தின் கம்பிகள், குடியிருப்பு லிஃப்ட்டின் வடங்கள், பள்ளிக்கூடக் கூரையின் இரும்புச் சட்டங்கள். ஒரு முடியும் அவள் விரலுக்குத் தப்பியதில்லை.

"... தெரியல சார்... சத்தியமாத் தெரியல. எண்ணி வெக்கல. யாரு முடியை எண்ணுவா... ஒரிஜினல் எல்லாம் இருக்கு சார், ஆபீஸ்ல இருக்கு, ஒண்ணும் அழியல. ஒவ்வொண்ணா ஜோடி போட்டுப் பாத்துடலாம்... உங்க கிடங்கு மொத்தமும் இந்தக் கார்டுலயே இருக்கு... ரெண்டாம் நம்பரா? ஆமா சார், ரெண்டாம் நம்பரும் நான்தான்... இப்ப ஓடிக்கிட்டிருக்கா?... நிறுத்துங்க சார். பாத்துட்டுச் சொல்றேன், முதல்ல நிறுத்துங்க... நீங்க வெக்காதீங்க, லைன்லயே இருங்க... ஹலோ?... சார்?... ஹலோ?"

அவர் ஓடியிருக்கவேண்டும். யார் கையோ பட்டு லைன் கட்டாகியிருந்தது.

கடைக்காரர் சின்னதா பெரியதா என்று கேட்கவில்லை. பெரியதன் முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவரே உரித்துப்போட்டு, அவள் கையில் வைத்தார். அவள் இரண்டாம் நம்பர் கொக்கியைத் திறந்தாள். விரல் நுனியால் விரித்தாள். வளைவுக்குக் கீழே, வலது ஓரத்தில், மெல்லியதாக ஒரு முடி கிடந்தது.

அதன் ஜோடியைத் தேடிப் பக்கத்தில் வைத்தாள்.